கரண்ட் போகாமல் காத்த அக்காவுக்கும் மற்றவர்களுக்கும்

அன்புள்ள தெருக்காரர்களுக்கும் கேரம் கிளப் தோழர்களுக்கும்,

வணக்கம். போன மாதம் முழுக்க வழியில் நிறுத்தி நிறுத்தி உங்களிடம் சந்தேகம் கேட்ட மூன்றாம் மாடிக்காரன்தான் எழுதுகிறேன். வேலை முடிந்தது, பெட்டி ஓடுகிறது. சூட்டோடு சூடாக நன்றி சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தால், யாரை முதலில் சொல்வது என்பதே பெரும்பாடாக இருக்கிறது.

விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். எங்கள் வீட்டு டிவிக்குக் கீழே 2013இல் வாங்கிய ஒரு ஒல்லிக் கம்ப்யூட்டர் இருக்கிறது. அம்மா எம்.ஜி.ஆர். படம் பார்க்க வாங்கியது. உள்ளே பென்டியம் ஜி3220 பிராசசர், 4 ஜிபி ராம். கோடி என்கிற மென்பொருளில் ரிமோட்டை அழுத்தினால் படம் வரும். (ரூபாய்க் கோடி இல்லை. அதன் பெயரே அதுதான்.) அதே பெட்டியில் என் பழைய பிஎஸ்2 (டிவியில் மாட்டி விளையாடும் சோனி பிளேஸ்டேஷன் 2) ஆட்டங்களையும் ஓட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. பிஎஸ்2வின் லென்ஸ் செத்து நான்கு வருடமாகிறது. டிஸ்க் சுற்றும், ஆனால் படிக்காது. ராயபுரத்து உப்புக்காற்று கிரில் கம்பியையே தின்கிறது, லென்ஸ் எம்மாத்திரம்.

அம்மா போட்டது ஒரே நிபந்தனை. "என் படம் நின்னுச்சுன்னா பெட்டியோட சேர்த்து உன்னையும் வெளிய வெச்சிடுவேன்."

வியாசர்பாடியிலிருந்து நம் கிளப்புக்குக் கேரம் ஆட வரும் கல்லூரித் தம்பிக்கு முதல் நன்றி. குட்டி பிரேசில் என்று பெயர் வாங்கிய ஊரில் பிறந்துவிட்டுப் பந்து பக்கமே போகாமல் கம்ப்யூட்டரைப் பிரித்துக்கொண்டிருக்கிறான் என்று அவன் அப்பாவுக்கு வருத்தம். எனக்கு லாபம். பிசிஎஸ்எக்ஸ்2 என்ற எமுலேட்டரை (கம்ப்யூட்டரை பிஎஸ்2 மாதிரி நடிக்க வைக்கும் மென்பொருள்) நான் ஏற்கெனவே போட்டுப் பார்த்திருந்தேன். நொடிக்கு 60 பிரேம் ஓட வேண்டிய வின்னிங் லெவன் கால்பந்து ஆட்டம் முப்பதைத் தாண்டவில்லை. கமென்ட்ரி சொல்கிறவர் தூக்க மாத்திரை போட்டவர் மாதிரி இழுத்தார். பிஎஸ்2வின் மூளை 300 மெகாஹெர்ட்ஸுக்கும் குறைவு, மெமரி 32 எம்பி. அதன் வேலையைச் செய்ய 3 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் ஏன் திணற வேண்டும் என்று கேட்டேன்.

தம்பி சொன்ன விளக்கத்தை இன்னும் மறக்கவில்லை. "அண்ணே, கானா கச்சேரியில பாடுறவர், டோலக், தபேலா, கீபோர்டுன்னு தனித்தனி ஆளு. பிஎஸ்2வும் அப்படித்தான். மெயின் சிப், ரெண்டு வெக்டர் யூனிட், படம் வரையுற சிப், சவுண்டுக்கு ஒண்ணுன்னு எல்லாம் ஒரே நேரத்துல வாசிக்கும். நீங்க ஒரே ஆளை உட்கார வெச்சு, தாளம் தப்பாம எல்லாத்தையும் வாசின்னா எப்படி?" பிராசசருக்குள் தனித்தனியாக வேலை பார்க்கும் ஒவ்வொரு கோரும் வேகமாக இருப்பதுதான் முக்கியம், நாலு கோர் தாராளம், எட்டு இருந்தாலும் எட்டு மடங்கு ஓடாது என்றான். அதோடு பல எண்களை ஒரே அடியில் கணக்குப் போடும் ஏவிஎக்ஸ்2 கட்டளைகள் அந்தப் பென்டியத்தில் கிடையாது, அதே சாக்கெட்டில் பொருந்தும் ஐ5 பிராசசரில் உண்டு. ஆகவே மதர்போர்டை மாற்றாமல் பழைய ஐ5 4590 ஒன்றை 1,800 ரூபாய்க்கு வாங்கினேன்.

கிராபிக்ஸ் கார்டு விஷயத்தில் என் பணத்தைக் காப்பாற்றியவர் பர்மா பஜார் அண்ணன். வேறொரு கடையில் ஜிடி 1030 கார்டு மலிவாகக் கிடைக்கிறதே என்று போனில் படம் பிடித்துக் காட்டினேன். "தம்பி, டப்பாவுல டிடிஆர்4னு போட்டிருக்கு பாரு. வாங்காத" என்றார். பெயர் ஒன்றுதான், ஆனால் ஜிடிடிஆர்5 மெமரியுள்ள கார்டின் மெமரி வேகம் நொடிக்கு 48 ஜிபி. டிடிஆர்4 கார்டில் அதில் மூன்றில் ஒரு பங்குதான் தேறும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தவர்களை என்ன சொல்ல! அண்ணன் தன்னிடம் அந்தக் கார்டு இல்லை என்றார், பக்கத்துக் கடைக்கு என்னைக் கூட்டிப்போய் நல்லதை வாங்கிக்கொடுத்தார். தனக்கு ஒரு டீ கூட வேண்டாம் என்றுவிட்டார். 30 வாட்தான் இழுக்கும், தனி பவர் வயர் வேண்டாம், ஒல்லிப் பெட்டிக்குள் உட்காரும்.

இனி அந்தச் சனிக்கிழமை. ஐ5ஐப் பொருத்தி ஸ்விட்சைப் போட்டேன். ஃபேன் சுற்றியது, திரை இருட்டு. கீழ்வீட்டு மாமா, துறைமுகத்தில் எலக்ட்ரிக்கல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பேத்தியின் ரப்பரோடு மேலே வந்து ராம் குச்சிகளின் பொன்நிறக் காலை ஒரு மணி நேரம் தேய்த்தார். இருட்டு அப்படியே. (மாமா, நீங்கள் தேய்த்ததும் வீண்போகவில்லை. அதுவரை அடிக்கடி ரீஸ்டார்ட் ஆன பெட்டி இப்போது ஆவதில்லை.) தம்பிக்குப் போன் செய்தால் சிரிக்கிறான். போர்டு 2013இல் வந்தது, 4590 வெளியானது 2014இல், அந்தச் சிப்பைப் போர்டுக்கு அடையாளமே தெரியாது. பழைய பென்டியத்தைத் திரும்பப் போட்டு, பென் டிரைவ் வழியாக பயாஸை (பெட்டியை முதலில் எழுப்பும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்த பிறகுதான் ஐ5 ஏற வேண்டும்.

அப்டேட் ஓடும்போது கரண்ட் போனால் போர்டு காலி. நம் தெருவில் அந்த வாரம் முழுக்கப் பகலில் இரண்டு தடவையாவது போய்க்கொண்டிருந்தது. அம்மா கதவோரம் நின்று, "நாளைக்கு ஞாயித்துக்கிழமை, படம் உண்டா இல்லையா?" என்கிறார். என் கை நடுங்கியது உண்மை.

ஜெராக்ஸ் கடை அக்கா, உங்களுக்குத்தான் இந்தக் கடிதத்தின் பெரிய பங்கு. பரீட்சை ஹால் டிக்கெட் எடுக்கப் பிள்ளைகள் வரிசையில் நின்ற நேரம் அது. "அரை மணி நேரம் இருங்கப்பா, அண்ணன் வீட்டுல ஆபரேஷன்" என்று சொல்லிவிட்டு, யுபிஎஸ்ஸைக் கழற்றி நீங்களே மூன்று மாடி தூக்கி வந்தீர்கள். அப்டேட் முடிய மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. கரண்டும் போகவில்லை. ஆனால் யுபிஎஸ் இல்லாமல் அந்தப் பட்டனை நான் அழுத்தியிருக்க மாட்டேன். காத்திருந்த பிள்ளைகளுக்கும் நன்றி.

ஐ5 ஏறியதும் சூடு பிரச்சினை. பழையது 50 வாட்டுக்குச் சற்று மேல், புதியது 84 வாட். டிவி ஸ்டாண்டின் முதுகு முழுக்கப் பிளைவுட் அடைப்பு. காசிமேட்டில் படகு வேலை செய்யும் ஆசாரி அண்ணன், வலை காயும் நேரத்தில் வந்து, இரண்டு கை அகலத்துக்கு முதுகை அறுத்து, பூச்சி வராமல் கொசுவலையும் அடித்துக் கொடுத்தார். படகு மாதிரியே வார்னிஷும் பூசிவிட்டார். இன்னும் வாசனை போகவில்லை.

எமுலேட்டருக்கு பிஎஸ்2வின் பயாஸ் வேண்டும், அதை நம் சொந்த மெஷினிலிருந்து எடுப்பதே முறை. லென்ஸ் செத்ததில் எப்படி? மெமரி கார்டிலிருந்தே பூட் ஆகும் ஃப்ரீ மெக்பூட் என்று ஒன்று இருக்கிறது. அது போட்ட கார்டைத் தம்பியின் நண்பன் கடன் கொடுத்தான். பென் டிரைவில் 4 எம்பி கோப்பு ஒன்று வந்தது. ஆட்டங்களை அசல் டிஸ்க்கிலிருந்து கம்ப்யூட்டரின் டிவிடி டிரைவிலேயே பிரதி எடுத்தோம். என்னிடம் உள்ள அசல் மூன்றுதான், மற்றவை எல்லாம் அந்தக் காலத்து ஐம்பது ரூபாய் சரக்கு. ஆகவே மூன்று ஆட்டம்தான். அது போதும்.

முகம் தெரியாதவர்களுக்கும் ஒரு கும்பிடு. பிசிஎஸ்எக்ஸ்2ஐ இருபது வருடத்துக்கு மேலாகத் தன்னார்வலர்கள் செதுக்குகிறார்கள். கோடியும் அப்படித்தான். அது முதலில் எக்ஸ்பாக்ஸில் படம் பார்க்கப் பிறந்தது, 2014இல்தான் இந்தப் பெயர் வந்தது. ஆட்டப் பெட்டியில் படம் காட்ட வந்ததை வைத்து, நான் படப் பெட்டியில் ஆட்டம் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

வின்னிங் லெவன் இப்போது 60ஐ விட்டு இறங்குவதில்லை. டிவியில் கேம் மோடைப் போடச் சொன்ன மச்சானுக்கும் நன்றி, அதுவரை பட்டனை அழுத்தி அரைக்கணம் கழித்துத்தான் ஆள் உதைத்தான். அம்மாவுக்கும் குறை இல்லை. முன்பு திக்கித் திக்கி வந்த, ஹெச்இவிசி முறையில் சுருக்கிய படங்களைப் புதிய கார்டு தடையின்றி ஓட்டுகிறது.

ஞாயிறு மாலை ஆறு மணிவரை பெட்டி அம்மாவுடையது. அதற்குப் பிறகு யார் வேண்டுமானாலும் வரலாம். கன்ட்ரோலர் இரண்டுதான் இருக்கிறது, சொந்தக் கன்ட்ரோலர் உள்ளவர்கள் கொண்டுவாருங்கள். அக்கா, யுபிஎஸ்ஸுக்குப் புது பேட்டரி போட்டுக் கடைத் திண்ணையில் வைத்திருக்கிறேன். உங்கள் பையனிடம் 5-0 தோற்றதைக் கிளப்பில் சொல்ல வேண்டாம் என்று அவனிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
மூன்றாம் மாடிக்காரன்,
ராயபுரம்