மிஷனெரியை அனுப்பும் சபைகள் குடும்பக் கணக்கையும் போட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டில் ஊழியம் செய்யும் மிஷனெரிகளைப் பற்றி நம் பத்திரிகைகளில் வரும் செய்திகள் பெரும்பாலும் வழியனுப்பு ஆராதனையில் தொடங்கி, ஞானஸ்நான எண்ணிக்கையிலோ புதிய மொழியில் வேதாகமம் வெளியான விழாவிலோ முடிந்துவிடுகின்றன. இடையில் கழியும் பதினைந்து, இருபது ஆண்டுகளில் அந்த வீட்டில் அடுப்பு எப்படி எரிகிறது, பிள்ளை எங்கே படிக்கிறது, காய்ச்சல் வந்தால் என்ன செய்கிறார்கள் என்று யாரும் எழுதுவதில்லை. மிஷனெரிக் குடும்பங்களை அனுப்புவதிலும் தாங்குவதிலும் ஈடுபட்டிருக்கும் நாங்கள் அதைப் பற்றித்தான் எழுதுகிறோம்.

1990களில் உலக சுவிசேஷ ஐக்கியத்தின் மிஷன் ஆணையம் இந்தியா உள்ளிட்ட 14 நாடுகளில், மிஷனெரிகள் பணித்தளத்தை விட்டு ஏன் திரும்புகிறார்கள் என்று ஆய்வு செய்தது. மிஷனெரிகளை நெடுங்காலமாக அனுப்பிவரும் மேற்கு நாடுகளில், ஓய்வு வயதைத் தவிர்த்துப் பார்த்தால், பிள்ளைகளின் தேவை முக்கியக் காரணங்களில் ஒன்றாக இருந்தது. இந்தியா போன்ற, புதிதாக அனுப்பத் தொடங்கிய நாடுகளிலோ, அனுப்பிவைத்த தாய்ச்சபையின் ஆதரவு போதாமையே முன்வரிசையில் நின்றது. ‘விசுவாசம் குறைந்துவிட்டது, திரும்பி வந்துவிட்டார்கள்’ என்று பேசுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பல நேரங்களில் குறைந்தது விசுவாசமல்ல. போட்டிருக்க வேண்டிய கணக்கை யாரும் போடவில்லை.

ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே இருக்கும் பப்புவா நியூ கினியாவை எடுத்துக்கொள்வோம். 800-க்கும் மேற்பட்ட மொழிகள் பேசப்படும் நாடு. தலைநகர் போர்ட் மோர்ஸ்பியிலிருந்து மலைநாட்டு நகரங்களுக்குச் சாலைத் தொடர்பு கிடையாது. கிழக்கு மலைநாட்டு மாகாணத்தில், கைனாந்து ஊருக்குப் பக்கத்தில், சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் உக்காரும்பாதான் வேதாகம மொழிபெயர்ப்புக் குடும்பங்களில் பலருக்கு மையத்தளம். அங்கிருந்து கிராமத்துக்குப் போக செஸ்னா 206, கோடியாக் போன்ற ஒற்றை எஞ்சின் விமானம்தான். சிறிய விமானம் என்பதால் பெட்டி மட்டுமல்ல, ஆளும் தராசில் ஏற வேண்டும். மடியில் இருக்கும் குழந்தையும் கணக்கில் சேரும். நாளுக்கு ஒரு கிலோ அரிசி சமைக்கும் குடும்பம் மூன்று மாதம் தங்கப் போனால் அரிசி மட்டுமே 90 கிலோ. அதோடு எண்ணெய், மாவு, மருந்து, பாடப்புத்தகம் எல்லாம் போட்டியிடும். அந்த ஊர்க்காரர்களின் சர்க்கரைவள்ளியையும் சேம்பையும் சவ்வரிசிப் பனையின் மாவையும் சாப்பிடப் பழகிய குடும்பம் இந்தச் சுமையில் பாதியைக் குறைத்துவிடும். புளி, மிளகாய்த்தூள், குழம்புப் பொடி எடை குறைவு. அவற்றைத் தாராளமாகக் கொண்டுபோகலாம். சமையல் எரிவாயு சிலிண்டரும் பெட்ரோலும் ஆபத்தான சரக்கு. நினைத்த நேரத்தில் பயணிகளோடு சேர்த்து ஏற்றிவிட முடியாது. ஆகவே விறகடுப்பு மூட்டத் தெரியாமல் போகக் கூடாது.

மலைகளின் மேல் மதியத்துக்குள் மேகம் திரண்டுவிடும் என்பதால் விமானங்கள் பெரும்பாலும் காலையில்தான் பறக்கும். ஓடுபாதை புல்தரை. இரவு முழுக்க மழை பெய்திருந்தால் சக்கரம் புதையும். விமானி ரேடியோவில் தரையின் நிலையைக் கேட்டுவிட்டு வராமலும் இருக்கலாம். ‘செவ்வாய்க்கிழமை வரும்’ என்று சொன்ன விமானம் அடுத்த செவ்வாய் வருவது அங்கே சாதாரணம். இரண்டு வாரத்துக்கான உணவும் மருந்தும் எப்போதும் கையிருப்பில் இருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

தண்ணீர் தகரக் கூரையிலிருந்து வருகிறது. 60 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 600 லிட்டர். சிதறலும், கூரையைக் கழுவி வரும் முதல் நீரும் போக 500 லிட்டர் தொட்டிக்குள் சேரும். நான்கு பேர் ஆளுக்கு 40 லிட்டர் செலவழித்தால் நாளுக்கு 160 லிட்டர். 9,000 லிட்டர் தொட்டி நிரம்பியிருந்தால் எட்டு வாரம் தாங்கும். கணக்கு எளிதுதான். கெடுவது வேறு இடங்களில். தகரத்தில் எலியும் பறவையும் விட்டுப்போன அசுத்தம் முதல் மழையோடு உள்ளே போகும். அந்த முதல் நீரைத் திருப்பிவிட தனிக் குழாய் வைக்க வேண்டும். நுழைவாயிலில் கட்டிய வலை கிழிந்தால் தொட்டியே கொசு வளர்க்கும் இடமாகிவிடும். குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வைத்தே ஆக வேண்டும். மின்சாரம் சூரியத் தகட்டிலிருந்து. தகட்டின் ஒரு மூலையில் வாழையிலை நிழல் விழுந்தால்கூட உற்பத்தி வெகுவாகக் குறையும் என்பதைத் தெரிந்துகொண்டால் பாதித் தொல்லை தீரும்.

காய்ச்சலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கடலோரத்திலும் சேபிக் ஆற்றுச் சமவெளியிலும் மலேரியா ஆண்டு முழுவதும் உண்டு. ஃபால்சிபாரம், வைவாக்ஸ் என்ற இரண்டு வகை மலேரியாவும் இருக்கின்றன. பழைய மலேரியா மருந்தான குளோரோகுயினை நம்பி யாரும் போகக் கூடாது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் உடனே விரல்நுனி இரத்தத்தில் துரிதப் பரிசோதனை. இல்லை என்று காட்டினாலும் காய்ச்சல் நீடித்தால் மறுநாள் மீண்டும் பரிசோதனை. மலேரியா என்று தெரிந்தால் ஆர்டிமீத்தர்–லூமிஃபேன்ட்ரின் மாத்திரை உடல் எடைக்கேற்ப ஆறு வேளை: முதல் வேளைக்கு எட்டு மணி நேரம் கழித்து இரண்டாவது, பிறகு இரண்டு நாள் காலையும் மாலையும். வெறும் வயிற்றில் கொடுத்தால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. தேங்காய்ப்பாலோ பால்பவுடரோ கொழுப்பாக ஏதாவது உள்ளே போக வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் அந்த வேளையைத் திரும்பக் கொடுக்க வேண்டும். அதிகம் நடக்கும் தவறு, இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டதும் மீதி மாத்திரையை ‘அடுத்த முறைக்கு’ என்று எடுத்து வைப்பது.

வைவாக்ஸ் கல்லீரலில் ஒளிந்திருந்து வாரங்கள், மாதங்கள் கழித்துத் திரும்ப வரும். அதை ஒழிக்கும் பிரைமாகுயின், ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்கு இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். இந்தப் பரிசோதனையைப் புறப்படும் முன்பே நம் ஊர் ஆய்வகத்தில் செய்து, குடும்பத்தில் ஒவ்வொருவரின் முடிவையும் மருத்துவ அட்டையில் எழுதிவிடலாம். கிராமத்தில் அதற்கு வழியில்லை.

மலேரியா வராமலிருக்கப் போடும் தடுப்பு மாத்திரையிலும் கவனம் வேண்டும். டாக்சிசைக்ளினை எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பொதுவாகக் கொடுப்பதில்லை. மெஃப்லோகுயின் சிலருக்குக் கெட்ட கனவு, பதற்றம், மனச்சோர்வைக் கொண்டுவரும். மாத்திரையால் வரும் அந்தச் சோர்வை ‘ஆவிக்குரிய பெலவீனம்’ என்று நினைத்து ஜெபக்குழுவில் பேசுவது அந்தக் குடும்பத்துக்குச் செய்யும் அநீதி. மூன்று வாரம் முன்னதாக ஊரிலேயே தொடங்கிப் பார்த்தால் ஒத்துக்கொள்ளுமா என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

வலிப்பு, தொடர் வாந்தி, குடிக்க முடியாமை, நினைவு தடுமாறுதல் வந்தால் கிராமத்தில் வைத்திருக்கவே கூடாது. ஆனால் புல்தரையில் இருட்டிய பின் விமானம் இறங்காது. மாலை நான்கு மணிக்குக் கூப்பிட்டால் மறுநாள் காலைதான் வரும். ஆகையால் ‘இன்னும் கொஞ்சம் பார்ப்போம்’ என்ற பேச்சுக்குக் காலையிலேயே முடிவு கட்டிவிட வேண்டும். அவசர விமானச் செலவை யார் தருவது என்று அப்போது மின்னஞ்சல் அனுப்பிக் கேட்கும் நிலையில் எந்தக் குடும்பத்தையும் வைக்கக் கூடாது. அவசர மருத்துவப் பயணத்துக்கான காப்பீடு புறப்படும் நாளிலிருந்தே நடப்பில் இருக்க வேண்டும்.

கணவர் மொழிபெயர்ப்பு மேசையில் உட்கார்ந்திருக்க, வாசலில் வரும் கூட்டத்தைச் சமாளிப்பது மனைவிதான். உப்பு, தீப்பெட்டி, புண்ணுக்கு மருந்து, விளக்குக்கு பேட்டரி என்று விடிந்ததிலிருந்து ஆள் வரும். உறவுக்குள் இருப்பதைப் பகிர்ந்துகொள்வது அந்த மக்களின் வாழ்க்கை முறை. வந்து குடியேறியவரையும் உறவாக ஏற்றுக்கொண்டதால்தான் கேட்கிறார்கள். முகத்தில் அடித்தாற்போல் மறுத்தால் உறவு முறியும். கேட்டதெல்லாம் கொடுத்தால் ஒரு மாதத்தில் வீடு காலி. ஊர்ப் பெரியவர்களோடு பேசி மருந்துக்கென்று ஒரு நேரம் குறித்துக்கொள்வது, அரசு மருந்தகப் பணியாளர் இருந்தால் அவர் கையாலேயே மருந்து கொடுக்கச் செய்வது, ரொக்கக் கடன் கொடுக்காமல் காய்கறி, கிழங்குக்கு மாற்றாகப் பொருள் கொடுப்பது ஆகியவை நெடுநாள் நிலைத்த குடும்பங்கள் கையாளும் வழிகள். இதோடு பிள்ளைகளுக்கு வீட்டுப் பாடமும் நடத்தும் அந்தச் சகோதரியின் பெயர் சபை அறிக்கையில் ‘குடும்பத்தினர்’ என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுவது எங்களுக்கு மிகவும் வருத்தம் தருகிறது.

பிள்ளைகளின் படிப்பு நம் குடும்பங்களுக்கு மேற்கத்தியரைவிடப் பெரிய சிக்கல். உக்காரும்பாவில் பன்னிரண்டாம் வகுப்பு வரை சர்வதேசப் பள்ளி உண்டு. பெற்றோர் கிராமத்தில் இருக்கும்போது பிள்ளைகள் தங்கும் இல்லங்களும் உண்டு. பாடத்திட்டமோ ஆங்கில நாடுகளின் பல்கலைக்கழகங்களை நோக்கியது.  ஒன்பதாம் வகுப்பில் திரும்பி வரும் பிள்ளைக்குத் தமிழ் எழுத வராது. 2006-ஆம் ஆண்டு தமிழ் கற்றல் சட்டத்தின்படி தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடம். இதை முன்கூட்டியே நினைத்தால் வழி இருக்கிறது: வாரத்துக்கு நான்கு மணி நேரமாவது தமிழ் எழுதப் படிக்க, தாத்தா பாட்டிக்கு மாதம் ஒரு கடிதம் கையால் எழுத வைக்க, தேசிய திறந்தநிலைப் பள்ளியில் தமிழை ஒரு பாடமாக எடுத்து எழுதுவது சாத்தியமா என்று ஏழாம் வகுப்பிலேயே விசாரித்துவிட. வெளிநாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றோடு இங்கே கல்லூரியில் சேர, அது இந்தியப் பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையானது என்ற சான்று தேவைப்படும். ஒவ்வோர் ஆண்டின் மதிப்பெண் பட்டியலையும் முத்திரையோடு வாங்கி வைக்காதவர்கள்தான் அதில் அலைகிறார்கள்.

இந்த வலி புதியதல்ல. அமெரிக்க மதுரை மிஷன் நோய்க்கும் வெயிலுக்கும் தப்பக் கொடைக்கானல் மலையில் வீடு கட்டியது 1845-இல். அங்கே மிஷனெரிப் பிள்ளைகளுக்கென்று பள்ளி தொடங்கியது 1901-இல். ஜான் யூசீம், ரூத் யூசீம் என்ற சமூகவியல் தம்பதி, பெற்றோரின் நாட்டுக்கும் தாங்கள் வளர்க்கப்படும் நாட்டுக்கும் நடுவே நிற்கும் ‘மூன்றாம் பண்பாட்டுப் பிள்ளைகள்’ என்ற கருத்தை 1950களில் உருவாக்கியதும் இந்தியாவில் வாழ்ந்த அமெரிக்கக் குடும்பங்களைப் பார்த்துத்தான். அவர்கள் நம் மண்ணில் பட்ட பாட்டை இன்று நம் பிள்ளைகள் வேறு மண்ணில் படுகிறார்கள். விடுமுறையில் ஊருக்கு வரும் குடும்பத்தை முதல் நான்கு வாரம் எந்தக் கூட்டத்துக்கும் அழைக்காமல் விட்டால், அந்தப் பிள்ளைகள் சித்தி, அத்தை வீட்டிலாவது வேர் பிடிப்பார்கள். மேடையில் ஏற்றி அந்த நாட்டு உடையில் பாடச் சொல்வதைத் தயவுசெய்து நிறுத்துங்கள்.

ஊரிலிருக்கும் பெற்றோரின் மரணம் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. கிராமத்திலிருந்து மையத்தளம், அங்கிருந்து போர்ட் மோர்ஸ்பி, பிறகு வேறொரு நாட்டு விமான நிலையம், சென்னை என்று வந்து சேர வானிலை ஒத்துழைத்தாலும் இரண்டு மூன்று நாள் ஆகும். நம் ஊரில் அடக்கம் மறுநாளே முடிந்துவிடும். குளிர்பெட்டியில் எத்தனை நாள் காத்திருப்பது, வர முடியாவிட்டால் மகன் இடத்தில் யார் நிற்பது, ஒருவர் மட்டும் வருவதா குடும்பமாகவா என்று பெற்றோர் உயிரோடிருக்கும்போதே அண்ணன் தம்பி, அக்கா தங்கைகள் உட்கார்ந்து பேசி எழுதி வைக்க வேண்டும். பேசாமல் விட்ட வீடுகளில் அந்த மனத்தாங்கல் பல ஆண்டுகள் நீள்கிறது.

பணம் அனுப்புவதிலும் ஒரு சட்டச் சிக்கல் உண்டு. அறக்கட்டளையாகப் பதிவான அமைப்பு தன் வருமானத்தை இந்தியாவுக்கு வெளியே செலவிட்டால் வருமான வரி விலக்கு தானாகக் கிடைக்காது. மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் உத்தரவு வேண்டும். தணிக்கையாளரைக் கேட்காமல் உற்சாகத்தில் தொடங்கிவிட்டு, நடுவில் பணம் நின்றுபோனால் பட்டினி கிடப்பது அந்தக் குடும்பம். மாத உதவியோடு ஓய்வுக்காலச் சேமிப்பையும் இங்கேயே அவர்கள் பெயரில் போட்டு வர வேண்டும். ஐம்பத்தெட்டு வயதில் வீடும் ஓய்வூதியமும் இல்லாமல் திரும்பி வருகிறவருக்குச் சால்வை போர்த்தினால் மட்டும் போதாது.

அடுத்த வழியனுப்பு ஆராதனைக்கு நாள் குறிக்கும் முன், மருத்துவக் காப்பீடு, பிள்ளைகளின் படிப்புத் திட்டம், பெற்றோர் பற்றிய குடும்ப ஒப்பந்தம் ஆகிய மூன்றையும் எழுத்தில் வாங்கிப் பார்க்குமாறு சபைகளின் மிஷன் குழுக்களைத் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சபை மிஷன் குழுக்களில் பணியாற்றும் வாசகர்கள் சிலர்,
திருநெல்வேலி