லோயர் கந்தோர்லயும் ஒரு கணக்குக் கொப்பி வைக்கலாமே

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

நான் மட்டக்களப்பு டவுன்ல ஒரு லோயரிட கந்தோர்ல 19 வருசமா கிளாக்கரா இருக்கிறன். உங்கட பேப்பர்ல வாவி, கண்டல் காடு, பிளாஸ்டிக் எண்டு அடிக்கடி எழுதுறீங்க, சந்தோசம், ஆனா எங்கட மாதிரிக் கந்தோருகள்ள இருந்து போற புகையையும் குப்பையையும் பத்தி ஒருத்தரும் எழுதினதா நான் காணல்ல.

2022ல கடதாசித் தட்டுப்பாடு வந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், மேல் மாகாணத்தில தவணைப் பரீட்சையையே நிப்பாட்டினாங்க. அப்ப ஒரு ரீம் ஏ4க்காக நான் கடை கடையா ஏறி இறங்கினன். அந்தக் கிழமைதான் எங்கட சேர் மாசம் எவ்வளவு கடதாசி போகுது எண்டு எழுதி வைக்கச் சொன்னார். ஒரு சிஆர் கொப்பியில கோடு போட்டுத் தொடங்கினன், பிறகு கரண்ட் யூனிட், ஜெனரேட்டர் டீசல், கார் பெற்றோல் எண்டு ஒவ்வொண்டாச் சேத்தன். பெற்றோல் ஒரு லீட்டர் எரிஞ்சா 2.3 கிலோ காபனீரொட்சைட்டு, டீசல் எண்டா 2.7 கிலோ, பெருக்கிப் பாத்தாச் சரி, பெரிய படிப்பு ஒண்டும் தேவையில்ல.

கடதாசிதான் முதலாவதா நிக்கும் எண்டு நினைச்சன். இல்ல. கொழும்பு புதுக்கடைக் கோட்டுக்கு காரில போய் வந்தா 600 கிலோமீட்டருக்கு மேல, லீட்டருக்கு 12 ஓடினாலும் 50 லீட்டர், அது 115 கிலோ. ஒரு ரீம் கடதாசியிட நிறையே ரெண்டரைக் கிலோதான், அதைச் செய்யிறதில வாற காபனும் சில கிலோதான். அதை விடப் பெருசு எங்கட ஏசி. வருசா வருசம் ஆள் வந்து காஸ் அடிச்சிட்டுப் போவார், லீக் எங்க எண்டு ஒருத்தரும் பாக்கிறதில்ல. ஆர்-410ஏ எண்ட அந்தக் காஸ் ஒரு கிலோ வெளிய போனா, பூமியைச் சூடாக்கிறதில ஏறக்குறைய 2000 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமன். 700 கிராம் போனாலே பன்னிரண்டு தரம் கொழும்புக்குக் கார் ஓடின மாதிரி! எழுதி வைக்காட்டி இது எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது, பேப்பரை மிச்சம் புடிச்சிட்டு நல்லது செஞ்சிட்டம் எண்டு இருந்திருப்பம். இப்ப லீக்கை அடைச்சாச்சு, கொழும்புக்கு சேர் ஏலுமான நேரம் ரெயில்லதான் போறார்.

வெளிநாட்டிலயும் இதே கதைதான். லூசி கிரீன்வுட் எண்ட ஒரு நடுவர் 2019ல தொடங்கின இயக்கம் ஒண்டு, ஒரு பெரிய சர்வதேச நடுத்தீர்ப்பு வழக்கிட (கோட்டுக்குப் போகாம நடுவரை வைச்சுத் தீர்க்கிற வழக்கு) காபனை ஈடு செய்ய 20,000 மரம் மட்டில வேணும் எண்டு கணக்குக் காட்டினது, அதில கூடுதலான பங்கு பிளேன் பயணம்தான்.

அதுக்காகக் கடதாசியை விடச் சொல்லல்ல. ஒரு காணிப் பங்கு வழக்கில 14 பிரதிவாதி எண்டு வைங்க, 30 பக்க முறைப்பாடு ஆளுக்கு ஒண்டு, கோட்டுக்கும் எங்களுக்கும் ஒவ்வொண்டு, 480 பக்கம், ஒரு ரீம் முடிஞ்சுது. ரெண்டு பக்கமும் அடிச்சா பாதி. காணி உறுதி வேற விசயம், 1840ஆம் ஆண்டுச் சட்டத்தில இருந்து நொத்தாரிசு முன்னால ரெண்டு சாட்சியோட கையெழுத்து வைக்கோணும், 2006 இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டமும் காணி விக்கிற மாதிரிச் சிலதை விட்டுட்டுத்தான் மத்ததைக் கடதாசி இல்லாமச் செய்ய வழி திறந்தது, அதில எங்களால ஒண்டும் குறைக்கேலாது. ஆனா டிராப்டை மூணு தரம் பிரிண்ட் எடுத்து சிவப்புப் பேனையால திருத்திறது சட்டமில்ல, பழக்கம். பழைய பைலை பின்வளவில போட்டுக் கொளுத்திறதும் பழக்கம்தான், பாதி எரிஞ்ச அடையாள அட்டை போட்டோக்கொப்பி ஒண்டு பக்கத்து வளவுக்குப் பறந்து போய் விழுந்ததை நான் கண்ணால கண்டன். 1956ல வைக்கோல்ல கடதாசி செய்ய ஆலை திறந்த வாழைச்சேனை இருக்கிற மாவட்டம் இது, இங்க கடதாசியைக் கொளுத்திறதைப் பாக்க மனசு கேக்குதில்ல.

இன்னொண்டு, தவணை. போன மாசம் வாகரையில இருந்து ஒரு அம்மா விடிய வெள்ளெனவே மகனிட மோட்டர்சைக்கிள்ல வந்தா, அறுபது கிலோமீட்டர் மட்டில ஓட்டம். கேஸ் கூப்பிட்டு மூணு நிமிசத்தில வேற திகதி. சுருக்குப் பையில இருந்து துண்டை எடுத்து என்னட்டத் தந்து "தம்பி, திகதிய பெரிசா எழுதித் தாங்க மனே" எண்டா. அவவிட பெற்றோலும் எங்கட வழக்கிட கணக்குத்தானே? கொரோனா நேரம் 2021ல தற்காலிகமாச் சட்டம் போட்டு ஸூம்ல வழக்குப் பேச வழி விட்டாங்க, வெறும் திகதி எடுக்கிற நாளுக்காவது அப்பிடி ஒண்டை நிரந்தரமா வைக்கலாம்.

மட்டக்களப்பு, கல்முனை, அம்பாறை லோயர்மார் சங்கங்களிட்ட நான் கேக்கிறது ஒரே ஒரு பக்கப் படிவம்: கடதாசி, கரண்ட், ஏசி காஸ், எரிபொருள், கொழும்புப் பயணம். மாசக் கடைசியில என்னைப் போல கிளாக்கர்மார் அரை மணித்தியாலத்தில நிரப்பிருவாங்க. மாதிரி வேணுமெண்டா எண்ட கொப்பியைக் கொண்டு வந்து காட்ட நான் ரெடி.

இப்படிக்கு,
ஒரு லோயர் கிளாக்கர்,
மட்டக்களப்பு.