முடிவை மூடி வைத்துவிட்டுப் படி

அன்புள்ள கயல்,

ஆபரேஷனுக்குப் பிறகு இறந்துபோன ஒருவரின் குடும்பம் கொடுத்த புகாரை ஆராயும் பொறுப்பு உன்னிடம் வந்திருக்கிறது என்று நேற்று சொன்னாய். கேஸ் ஷீட்டை எங்கிருந்து தொடங்குவது என்றும் கேட்டாய். அது போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

கடைசிப் பக்கத்திலிருந்து மட்டும் தொடங்கிவிடாதே. ஆள் இறந்துவிட்டார் என்று தெரிந்த பிறகு படிக்கிற கண்ணுக்கு முந்தைய வரி ஒவ்வொன்றும் எச்சரிக்கையாகவே தெரியும். 1991-இல் வெளியான ஓர் ஆய்வில் 112 மயக்கவியல் மருத்துவர்களிடம் 21 கேஸ்களைக் கொடுத்து மதிப்பிடச் சொன்னார்கள். செய்த சிகிச்சை ஒன்றேதான். நோயாளிக்கு ஏற்பட்ட பாதிப்பு தற்காலிகமா நிரந்தரமா என்பதை மட்டும் ஆளுக்கு ஆள் மாற்றி எழுதியிருந்தார்கள். தற்காலிகம் என்றிருந்ததை நிரந்தரம் என்று மாற்றியதும் 'சிகிச்சை சரிதான்' என்று சொன்னவர்களின் விகிதம் 31 சதவீதப் புள்ளி சரிந்தது. தொழிலில் ஊறியவர்களுக்கே இந்தக் கதி. ஆகவே இறப்புச் சுருக்கத்தையும் போஸ்ட்மார்ட்டம் அறிக்கையையும் வேறு யாரையாவது விட்டு ஓர் உறைக்குள் போட்டு ஒட்டச் சொல். மற்றதையெல்லாம் படித்து முடித்த பிறகு பிரி.

அதற்கும் முன்னால், இன்றே செய்யவேண்டியது மூல ஆவணங்களைப் பூட்டி வைப்பது. நகலை வைத்து வேலை செய். கேஸ் ஷீட் மட்டும் போதாது. அனஸ்தீசியா சார்ட், ஓ.டி. (ஆபரேஷன் தியேட்டர்) பதிவேடு, பஞ்சும் கருவியும் எண்ணிய தாள், மருந்துச் சீட்டு, ரத்த வங்கிக்குப் போன கோரிக்கை, அன்றிரவு டியூட்டி பட்டியல், வார்டு போனின் அழைப்புப் பதிவு எல்லாம் வேண்டும். மானிட்டரில் பதிவாகியிருப்பது சில நாளில் தானாக அழிந்துவிடும், அதை முதலில் எடு. கணினியில் எழுதிய குறிப்பென்றால் எந்த நேரத்துக்குரிய குறிப்பு, எந்த நேரத்தில் தட்டச்சானது என்று இரண்டு நேரம் இருக்கும். இரண்டையும் கேள். தாமதமாக எழுதுவது குற்றமில்லை. அவசரத்தில் யாரும் பேனாவைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. 'பிறகு எழுதியது' என்று நேரம் போட்டு எழுதினால் அது நேர்மையான குறிப்பு. நேரத்தை மறைத்து எழுதினால்தான் சந்தேகப்பட வேண்டும்.

பிறகு நேரவரிசை. ஒரு நீளத் தாளில் இடப்பக்கம் மணி, அடுத்து நடந்தது, அடுத்து யாருக்குத் தெரியும், கடைசியில் எந்த ஆவணத்தில் எந்தப் பக்கம். உன் கருத்து ஒரு சொல்கூட அதில் வரக்கூடாது. பல கேஸ்களில் விடை ஓ.டி.க்குள் இல்லை, ஆபரேஷன் முடிந்த மூன்றாவது நாளுக்கும் ஏழாவது நாளுக்கும் நடுவே ஏதோ ஒரு ராத்திரியில் இருக்கும். டாக்டர்கள் கத்தி பிடித்த கையைப் பற்றியே பேசுவார்கள். நீ நர்ஸ் எழுதிய சார்ட்டைப் பார்.

ஓர் உதாரணம் போட்டுக் காட்டுகிறேன். 60 கிலோ எடையுள்ளவர், குடலை வெட்டி இணைத்த நாலாம் நாள் இரவு. பத்து மணிக்குப் பல்ஸ் 96, மூச்சு 20, பி.பி.யின் மேல் எண் 118, ரத்தத்தில் ஆக்சிஜன் 95 சதவீதம். இரண்டு மணிக்கு 108, 23, 112, 94. நாலு மணிக்கு 116, 24, 104, 94. தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றும் பதற வைக்காது. நியூஸ் 2 மதிப்பெண் (பல்ஸ், மூச்சு போன்றவை இயல்பிலிருந்து எவ்வளவு விலகின என்பதை எண்ணாக்கும் முறை) போட்டுப் பார்: 2, 4, 6. ஐந்தைத் தொட்டாலே டாக்டர் அவசரமாக வந்து பார்க்கவேண்டும். சிறுநீர் அந்த ஆறு மணி நேரத்தில் 120 மில்லி, அதாவது மணிக்கு 20. கிலோவுக்கு அரை மில்லி கணக்கில் 30 வந்திருக்க வேண்டும். காய்ச்சல் மட்டும் இல்லை, ஏனென்றால் ஆறு மணிக்கொருமுறை பாரசிட்டமால் ஓடுகிறது. காலை ரவுண்ட்ஸ் குறிப்பில் 'காய்ச்சல் இல்லை, வைட்டல்ஸ் ஸ்டேபிள்' (பல்ஸ், பி.பி. எல்லாம் சீர்) என்று ஒரு வரி. இந்த இரண்டு தாளும் ஒரே நோயாளியுடையதுதானா என்று தோன்றும். இணைத்த இடத்தில் கசிவு இருக்குமோ என்று யோசிக்க வேண்டிய நேரம் நாலு மணி. யோசித்தார்களா, நர்ஸ் கூப்பிட்டாரா, கூப்பிட்டு டாக்டர் போனிலேயே 'ஃப்ளூயிட் ஏற்று' என்று சொல்லி வைத்துவிட்டாரா என்பதுதான் உன் கேள்வி.

மறைக்கிற மருந்துகளையும் கவனி. இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் எடுப்பவருக்குப் பல்ஸ் ஏறவேண்டிய அளவுக்கு ஏறாது. எபிடியூரல் (முதுகில் வைத்த குழாய் வழியாக ஏற்றும் வலி மருந்து) ஓடினால் வயிற்று வலி சரியாகத் தெரியாது. ஸ்டீராய்டு வலியையும் காய்ச்சலையும் சேர்த்தே அமுக்கும். இன்னொன்று, மூச்சு எண்ணிக்கை ராத்திரி முழுக்க 18, 18, 18 என்று இருந்தால் யாரும் எண்ணவில்லை என்றே பொருள். உண்மையிலேயே ஒரு நிமிஷம் எண்ணினால் ஒருமுறை 17 வரும், ஒருமுறை 21 வரும்.

ரத்த இழப்புக்கும் இப்படித்தான். ஆபரேஷன் குறிப்பில் 'குறைந்த அளவே' என்றிருக்கும், ஹீமோகுளோபின் 12.4-லிருந்து 8.1-க்கு வந்திருக்கும். உறிஞ்சு பாட்டில் அளவும், நனைந்த பஞ்சின் எடையிலிருந்து காய்ந்த பஞ்சின் எடையைக் கழித்ததும் சேர்த்தால் கணக்கு வரும். ஒரு கிராம் ஏறக்குறைய ஒரு மில்லி. ஏற்றிய ஃப்ளூயிடால் நீர்த்துப்போய்க் குறைந்ததா என்பதையும் பார்த்துவிட்டே பேசு.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்தை விட நேரம் முக்கியம். மயக்கத்துக்கு முன்னால் தரும் மருந்து கொடுத்த பிறகு வாங்கிய கையெழுத்து ஒப்புதலாகுமா என்பதே சந்தேகம். பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2015-இல் மான்ட்கொமரி வழக்கில் சொன்ன கோணம் எங்கும் பயன்படும்: அந்த நோயாளி எந்த ஆபத்தைப் பெரிதாக நினைத்திருப்பார், அதைச் சொன்னார்களா? கவனக்குறைவுக்கு 1957-இன் போலம் வழக்கு ஒரு அளவுகோல் தந்தது: பொறுப்புள்ள மருத்துவர் குழு ஒன்று சரியென ஏற்கும் விதத்தில் செய்திருந்தால் அலட்சியமில்லை. 1997-இல் பொலித்தோ தீர்ப்பு அதற்கு ஒரு கடிவாளம் போட்டது. நாலு டாக்டர்கள் சரி என்றால் மட்டும் போதாது, அந்தக் கருத்து தர்க்கத்துக்கும் நிற்கவேண்டும். உங்களுக்கு எது பொருந்தும் என்பதை வக்கீல் சொல்லட்டும்.

ஊழியர்களிடம் தனித்தனியாகப் பேசு, சீக்கிரம் பேசு. நீ எழுதிய நேரவரிசையைக் காட்டாதே. காட்டினால் அவர்கள் நினைவு அதற்கேற்ப வளையும். 'ஏன் கூப்பிடவில்லை' என்று கேட்டால் வாய் மூடிக்கொள்ளும். 'அப்போது என்ன நினைத்தீர்கள், கையில் எத்தனை நோயாளிகள் இருந்தார்கள்' என்று கேள். ராத்திரியில் டாக்டரை எழுப்பினால் திட்டு விழும் என்று பயந்திருந்தால், அதுவும் அறிக்கையில் வரவேண்டிய காரணம்தான்.

இரண்டு கேள்விகளைக் குழப்பாதே. செய்யவேண்டியதைச் செய்யத் தவறினார்களா என்பது ஒன்று. தவறாதிருந்தால் பிழைத்திருப்பாரா என்பது வேறொன்று. நாலு மணிக்கு டாக்டர் வந்திருந்தால் சி.டி. எத்தனை மணிக்கு, ஓ.டி. எத்தனை மணிக்கு, அதற்குள் உடம்பு எந்த நிலையில் இருந்திருக்கும் என்று மணிக்கணக்கில் எழுதிப் பார். பிழைத்திருக்க மாட்டார் என்றே முடிவானாலும் தவறு தவறுதான், அதையும் எழுது. இறப்புக்குக் காரணம் 'இதயம் நின்றது' என்று போட்டிருந்தால் அதை ஏற்காதே. யார் இறந்தாலும் இதயம் நிற்கும். ஏன் நின்றது என்பதே காரணம்.

வெளியிலிருந்து நிபுணர் கருத்து வாங்கும்போது அதே துறை, அதே மாதிரி வசதியுள்ள ஆஸ்பத்திரியில் இருப்பவராகப் பார். சர்ஜனுக்குப் பழக்கமானவர் வேண்டாம். அவருக்கும் முதலில் முடிவைச் சொல்லாமல் அனுப்பு.

அறிக்கையில் 'இது ஏற்கெனவே அறியப்பட்ட சிக்கல்' என்ற வாக்கியம் தானாக வந்து உட்காரும். அதை வெட்டு. அறியப்பட்டது என்றால் எதிர்பார்த்துக் காத்திருந்திருக்க வேண்டும் என்று குடும்பம் கேட்கும், நியாயமாகவே கேட்கும்.

குடும்பத்தின் புகாரை அவர்கள் சொற்களிலேயே கேள்வி கேள்வியாகப் பிரித்து எழுது. 'ஐ.சி.யூ.வுக்குக் கொண்டுபோனதை ஏன் எங்களிடம் சொல்லவில்லை' என்பதை 'தகவல் தொடர்புக் குறைபாடு' என்று சுருக்கிவிடாதே. கூட இருந்தவரின் வாட்ஸ்அப்பில் 'அப்பாவுக்கு மூச்சு வாங்குது' என்று அனுப்பிய நேரம் இருக்கும்; வார்டு சார்ட்டை விட அது துல்லியமாக இருப்பதுண்டு. கேட்டு வாங்கு. நேரில் உட்கார்ந்து சொல்லும்போது தவறு என்று முடிவானதைத் தவறு என்றே சொல், மன்னிப்பும் கேள். எழுத்திலும் கொடு, அந்த அறையில் அவர்கள் காதில் பாதிதான் விழும்.

கோப்பை மட்டும் எனக்கு அனுப்பாதே. அம்மாவாக இருந்தாலும் இந்த விஷயத்தில் நான் வெளியாள்தான். சந்தேகம் வந்தால் ஆளையும் ஆஸ்பத்திரியையும் சொல்லாமல் எண்களை மட்டும் சொல்லிக் கேள். ராத்திரி பத்து வரை விழித்திருப்பேன்.

அன்புடன்,
அம்மா