டாக்டர் இன்னிக்கு இருக்காரா?

கும்பகோணம்
ஐப்பசி

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. கடையில் சரக்குக் கணக்கு எடுக்கிற நேரம் என்பதால் உடனே உட்கார முடியவில்லை. இங்கே எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, காலையில் மடத்துத் தெரு வரைக்கும் நடந்துவிட்டு வருகிறாள். ஊரில் குறுவை அறுத்துத் தாளடி நட்டாயிற்று. மழை விட்டபாடில்லை. வாய்க்கால் நிறைந்து போகிறது, வயலில் நிற்கிற தண்ணீர் வடிந்தால் பயிர் தப்பிக்கும்.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பக்கத்து டாக்டர்கள் சிலர் சேர்ந்து, டெல்டா ஊர்களில் இருக்கிற கிளினிக், நர்சிங் ஹோம் வெப்சைட்டுகளைப் பார்த்து நல்லதாக ஒன்றுக்குப் பரிசு கொடுக்க ஏற்பாடு செய்திருக்கிறார்கள். நடுவர்கள் மூன்று பேர். ஓய்வு பெற்ற பெரிய டாக்டர் ஒருவர், தஞ்சாவூர்ப் பக்கம் பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கும் டீச்சர் ஒருவர், நோயாளிகள் பக்கம் பேச ஆள் வேண்டும் என்று மெடிக்கல் ஷாப்காரனான நான். நீ இதையே தொழிலாகச் செய்கிறவன். இப்போது ஒரு இருதய டாக்டருக்கு வெப்சைட் செய்வதாகவும், உள்ளே வந்த சில விநாடிகளில் நம்பிக்கை வர வேண்டும், அதற்கு அழகுதான் முதல் என்றும் எழுதியிருந்தாய். அழகு வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நம் பக்கத்து ஜனங்களுக்கு எதைப் பார்த்தால் நம்பிக்கை வரும் என்பதில் எனக்கும் உனக்கும் வழக்கு உண்டு.

என் கடைக்கு வருகிறவர்கள் மருந்துக்கு அடுத்தபடி என்னிடம் கேட்பது ஒன்றைத்தான்: “டாக்டர் இன்னிக்கு இருக்காரா?” உனக்கே தெரியும், இங்கே ஸ்பெஷலிஸ்ட் பலர் உள்ளூரில் குடியிருப்பவர்கள் இல்லை. நரம்பு டாக்டர் திருச்சியிலிருந்து செவ்வாய்க்கிழமை வருவார். கிட்னி டாக்டர் தஞ்சாவூரிலிருந்து மாதத்தில் இரண்டு சனிக்கிழமை வருவார். மாயவரத்திலும் மன்னார்குடியிலும் இதே கதைதான். காலையில் பஸ் ஏறி, கூலி வேலையை விட்டுவிட்டு, வயசான ஆளைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வந்து, கதவில் ‘இன்று டாக்டர் விடுமுறை’ என்ற அட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். அந்த அட்டை செய்கிற வேலையை வீட்டிலிருக்கும்போதே செய்துகொடுப்பதுதான் டாக்டர் வெப்சைட்டின் முதல் கடமை என்று நினைக்கிறேன். மார்க் போடும்போது நான் முதலில் தேடியதும் அதைத்தான்.

பெரும்பாலான இடங்களில் அது இல்லை. ‘திங்கள் முதல் சனி வரை, காலை 10 முதல் இரவு 8 வரை’ என்று போட்டிருக்கிறது. அது கட்டடம் திறந்திருக்கும் நேரம். எந்த டாக்டர் எந்தக் கிழமை, டோக்கன் எத்தனை மணிக்கு, போனில் பேர் பதியலாமா, நேரில்தான் வரவேண்டுமா, எதுவும் இல்லை. அந்த இடத்தில் ஸ்டெதஸ்கோப் மாட்டிய வெள்ளைக்காரர்கள் சிரித்துக்கொண்டு நிற்கும் படம் ஒன்று மாற்றி ஒன்று ஓடுகிறது.

கடைக்கு வந்த சிலரிடம் போனைக் கொடுத்து, “இந்த ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர் என்றைக்கு வருவார், பார்த்துச் சொல்லுங்க” என்று கேட்டுப் பார்த்தேன். நாச்சியார்கோயில் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா, அறுபது வயசு இருக்கும், ஆர்வமாக வாங்கிப் பார்த்தாள். பக்கம் திறந்ததும் ‘அப்பாயின்ட்மென்ட் பதிவு செய்க’ என்று ஒரு பெட்டி வந்து திரை முழுக்க மறைத்துக்கொண்டது. அதை மூடும் பெருக்கல் குறி மூலையில் கடுகளவு. மூன்று தடவை அழுத்தினாள், விரல் படவில்லை. சரி, பதிவே செய்யலாம் என்று பார்த்தால் பெயர், போன் நம்பர், அதற்குக் கீழே சிவப்பு நட்சத்திரத்தோடு இ-மெயில். “எனக்கு அதெல்லாம் இல்லையே தம்பி” என்றாள். இ-மெயில் இல்லாமல் அந்தப் படிவம் நகராது. கடைசியில் மேலே இருந்த போன் நம்பரைத் தொட்டாள். அது படத்துக்குள் எழுதிய நம்பர், தொட்டால் கால் போகாது. பேனா எடுத்து உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள்.

இத்தனைக்கும் அந்த வெப்சைட் கண்ணுக்கு லட்சணமாக இருக்கிறது. டீச்சரே முதல் சுற்றில் அதற்கு நல்ல மார்க் போட்டிருந்தார். அந்த அம்மாவைப் பற்றிச் சொன்னதும் மறுபடி தன் போனில் திறந்து பார்த்துவிட்டுக் குறைத்தார். பொத்தான் குறைந்தது 24க்கு 24 பிக்சலாவது இருக்கவேண்டும் என்று 2023ல் வந்த டபிள்யூசிஏஜி 2.2 (வெப்சைட்டை எல்லாரும் சிரமமில்லாமல் பயன்படுத்துவதற்கான உலக வழிகாட்டி) சொல்வதை அவர்தான் எனக்குக் காட்டினார். நம் ஜனங்களின் காய்த்துப்போன விரலுக்கு அதற்கு இரண்டு மடங்கு வைத்தால் இன்னும் நல்லது.

இன்னொன்று என்னைக் கோபப்படுத்தியது. கண் ஆஸ்பத்திரி ஒன்றின் வெப்சைட். வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து, அதுவும் பொடியாக. பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேருக்குப் புரை விழுந்த கண், மீதிப் பேர் மருந்து விட்டுக்கொண்டு கூசும் கண்ணோடு இருப்பவர்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5க்கு 1 என்ற அளவிலாவது வெளிச்ச வேறுபாடு வேண்டும் என்று நீயே ஒருமுறை சொல்லியிருக்கிறாய். டீச்சர் கருவியை வைத்து அளந்தார், பாதிகூட வரவில்லை. கண் டாக்டரிடமே இப்படி என்றால் யாரிடம் போய்ச் சொல்வது?

தமிழ் விஷயத்தில் நிலைமை மோசம். பாதி வெப்சைட்டுகளில் தமிழே கிடையாது. ஒன்றில் ‘எங்களைப் பற்றி’ பகுதியைப் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்து அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். அவர்கள் கம்ப்யூட்டரில் தமிழாகத் தெரிந்திருக்கும், நம் போனில் ஆங்கில எழுத்துகளை வாரி இறைத்த மாதிரி வருகிறது. எந்தப் போனிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறையில் இருப்பவற்றிலும் வரிகளுக்கு நடுவே இடம் விடுவதில்லை. ஆங்கிலத்துக்கு வைத்த இடைவெளியையே தமிழுக்கும் வைத்தால் மேல் வரியின் ‘கூ’, ‘ழு’வின் கீழ்ச் சுழிகள் கீழ் வரியின் ‘கீ’, ‘ரீ’ கொக்கிகளில் போய் முட்டுகின்றன. பொத்தானுக்குள் ‘முன்பதிவு செய்ய’ என்பது அடங்காமல் ‘முன்பதிவு செ’ என்று நிற்கிறது. நோட்டோ சான்ஸ், முக்தா மலர் என்று நல்ல எழுத்துருக்கள் இலவசமாகவே கிடைக்கும்போது இந்தக் கஷ்டம் எதற்கு? உன் வேலையில் தமிழ்ப் பக்கத்தை முதலில் செய், ஆங்கிலத்தைப் பிறகு பொருத்து. தமிழ் அடங்கிய பெட்டியில் ஆங்கிலம் தாராளமாக அடங்கும். இன்னொன்றையும் சேர்த்துக்கொள்: பக்கத்தின் மொழி தமிழ் என்று உள்ளே குறித்து வை. அப்போதுதான் பார்வையில்லாதவர்களின் திரைவாசிப்பான் தமிழ்க் குரலில் ஒழுங்காகப் படிக்கும்.

எங்களுக்குள் பெரிய வாக்குவாதம் வந்தது இதற்கெல்லாம் இல்லை. குழந்தையின்மை சிகிச்சை தரும் ஒரு இடத்தின் வெப்சைட்டில் ‘எங்களால் பெற்றோர் ஆனவர்கள்’ என்று தம்பதிகளின் படங்களை வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். முகம் தெளிவாகத் தெரிகிறது, சிலருக்கு ஊர்ப்பெயரும் இருக்கிறது. சென்னையில் இது யாருக்கும் தெரியாமல் போகலாம். இங்கே நாலு தெரு தள்ளினால் சொந்தக்காரர்கள். அந்தப் பெண்ணைப் பற்றி மாமியார் வீட்டுப் பக்கம் என்னென்ன பேசுவார்கள் என்று யோசித்துப் பார். சம்மதம் வாங்கித்தான் போட்டிருப்பார்கள் என்றார் பெரிய டாக்டர். பிள்ளை பிறந்த சந்தோஷத்தில், டாக்டர் கேட்கும்போது, யாரால் மாட்டேன் என்று சொல்ல முடியும்? நான் அதற்கு மார்க்கே போடவில்லை.

அந்தப் பேச்சில்தான் பெரிய டாக்டர் 2002ம் வருஷத்து மருத்துவக் கவுன்சில் நடத்தை விதிகளை எடுத்துவந்து காட்டினார். 2023 ஆகஸ்டில் புது விதிகள் வந்து அதே மாதத்தில் நிறுத்திவைக்கப்பட்டதால் பழையவைதான் இன்னும் நடப்பில் இருக்கின்றன. டாக்டர் தன்னை விளம்பரம் செய்து நோயாளிகளை இழுக்கக் கூடாது, தான் குணப்படுத்தியதைச் சொல்லிப் பெருமை அடித்துக்கொள்ளக் கூடாது என்று அதில் இருக்கிறது. பத்திரிகையில் என்னென்ன அறிவிக்கலாம் என்று ஒரு பட்டியலும் கொடுத்திருக்கிறார்கள். தொழில் தொடங்குவது, தொழிலின் வகை மாறுவது, விலாசம் மாறுவது, கொஞ்ச நாள் இல்லாமல் போவது, திரும்பி வருவது, இன்னொருவர் கிளினிக்கை எடுத்து நடத்துவது, கட்டணம். படித்ததும் எனக்கு மனசு நிறைந்துவிட்டது, சேகர். என் கடை வாசலில் ஜனங்கள் கேட்பது கிட்டத்தட்ட இதே பட்டியல்தானே! கட்டணத்தைக் கிளினிக் பலகையில் தெளிவாக எழுதிவைக்கவேண்டும், பதிவு எண்ணைக் கிளினிக்கிலும் மருந்துச் சீட்டிலும் காட்டவேண்டும் என்றும் அதே விதிகள் சொல்கின்றன. நாங்கள் பார்த்த வெப்சைட்டுகளில் கட்டணம் போட்டவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. பதிவு எண்ணும் அப்படியே. ‘போலி டாக்டர் கைது’ என்ற செய்தி அடிக்கடி வருகிற காலத்தில், எண்ணைப் பார்த்துத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பதிவேட்டில் சரிபார்க்க வழி இருந்தால் எவ்வளவு நிம்மதி! நீ சொல்லும் நம்பிக்கை எனக்கு இங்கிருந்துதான் வருகிறது.

நம் பக்கத்துக்கென்றே சில கேள்விகளை நான் சேர்த்தேன். நடவு நேரத்திலும் அறுப்பு நேரத்திலும் பாம்புக்கடி கேஸ் வராத வாரம் இல்லை. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் ஒரே விஷமுறிவு ஊசிதான், அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகவே போடுகிறார்கள். தனியார் நர்சிங் ஹோம் தன்னிடம் அது இருக்கிறதா, வென்டிலேட்டர் இருக்கிறதா, இல்லையென்றால் நேரே எந்த அரசு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்று முகப்பிலேயே சொல்லிவிட்டால் அரை மணி நேரம் மிச்சமாகும். அந்த அரை மணியில் ஒரு உயிர் நிற்கும். கூடவே 108ஐத் தொட்டால் அழைப்பு போகும்படி வைக்கவேண்டும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இங்கே செல்லுமா என்பது அடுத்த கேள்வி. எந்தெந்தச் சிகிச்சைக்குச் செல்லும் என்றும் சொன்னால் இன்னும் நல்லது.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது நடந்ததும் ஞாபகத்துக்கு வந்தது. வேதாரண்யம், மன்னார்குடி, பட்டுக்கோட்டைப் பக்கமெல்லாம் கரண்டும் டவரும் போய்க் கிடந்தன. வாரத்தில் இரண்டு மூன்று தடவை டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள், எங்கே ஜெனரேட்டர் ஓடுகிறது என்று ஊர் ஊராகப் போன் போட்டுக் கேட்டார்கள். டவரே இல்லாதபோது எந்த வெப்சைட்டும் உதவாது. ஆனால் ஒரு கோடு சிக்னல் வந்ததும் திறக்கிற பக்கம் உதவும். தானாக ஓடும் வீடியோவும் நாலு எம்பி படமும் வைத்த பக்கம் இப்போது பெய்கிற சாதாரண மழைக்கே எங்கள் ஊரில் திறப்பதில்லை.

என் முதல் இடம் எதற்கு என்று கேட்டாயே. குழந்தை டாக்டர் ஒருவரின் வெப்சைட், ஒரே பக்கம். மேலே தமிழில் பெரிய எழுத்து: ‘இன்று மாலை 5 முதல் 8 வரை டாக்டர் இருப்பார். நாளை வரமாட்டார்.’ அதற்குக் கீழே தொட்டால் போகும் நம்பர், கட்டணம், பதிவு எண், தடுப்பூசி போடும் கிழமை. கட்டடத்தை எதிர்ச்சாரியில் நின்று எடுத்த ஒரு படம், பக்கத்து ரொட்டிக் கடையும் தெரியும்படி. எந்த ஸ்டாப்பில் இறங்கவேண்டும் என்பதும் இருக்கிறது. நான் அங்கே போய்ப் பார்த்தேன். ரிசப்ஷனில் இருக்கிற பெண், டாக்டர் கிளம்பப்போகிறார் என்று தெரிந்ததும் தன் போனை எடுத்து அந்த முதல் வரியை மாற்றினாள். கால் நிமிஷம்கூட ஆகவில்லை. அதை மாற்றச் சென்னைக்கோ பெங்களூருக்கோ யாருக்கும் போன் போடவேண்டியதில்லை. மற்ற வெப்சைட்டுகள் செய்த அன்றைக்கு எப்படி இருந்தனவோ அப்படியே கிடக்கின்றன. ஒன்றில் செத்துப்போன டாக்டரின் நேரம் இன்னும் இருக்கிறது.

டீச்சர் ஒத்துக்கொள்ளவில்லை. பார்க்கப் பத்து வருஷப் பழசாக இருக்கிறது, இதற்குப் பரிசு கொடுத்தால் டிசைன் படிக்கும் பிள்ளைகள் என்ன நினைப்பார்கள் என்கிறார். அதிலும் நியாயம் இருக்கிறது. அந்தப் பச்சை நிறத்தை என்னாலும் ரசிக்க முடியவில்லை. பெரிய டாக்டர் இரண்டு பக்கமும் சாயாமல் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து முடிவு செய்யவேண்டும்.

அதற்குள் உன்னிடமிருந்து ஒன்று வேண்டும். அந்தக் குழந்தை டாக்டர் பக்கத்தின் விலாசத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். அதில் ஒரு வரியைக்கூட எடுக்காமல், கனத்தையும் கூட்டாமல், அழகாக ஆக்க முடியுமா என்று ஒரு படம் போட்டு அனுப்பு. முடியும் என்று காட்டினால் டீச்சரிடம் நான் பேசிக்கொள்கிறேன். உன் இருதய டாக்டர் மாதத்தில் எந்தச் சனிக்கிழமை கும்பகோணம் வருகிறார் என்று எழுதியிருந்தாயே, அந்தத் தேதிகளை முகப்பில் போடு. இங்கே அவருக்காகக் காத்திருக்கிறவர்கள் என் கடைக்குத்தான் வந்து கேட்கிறார்கள்.

தங்கச்சியையும் பிள்ளைகளையும் விசாரித்ததாகச் சொல். பொங்கலுக்கு வந்தால் ரெண்டு நாள் கூடத் தங்குகிற மாதிரி வா.

அன்புடன்,
கணேசன்