கையெழுத்துப் போட்ட மகளுக்கு

அன்பு மகளுக்கு,

நலம், நலமறிய ஆவல். போனில் பேசினால் இந்த விஷயம் சண்டையில்தான் முடியும் என்பதால் எழுதுகிறேன். மாப்பிள்ளையும் படிக்கட்டும்.

நூலகத்துக்குப் பக்கத்தில் வீடற்றோர் காப்பகம் வரக்கூடாது என்று குடியிருப்போர் நலச் சங்கம் எழுதிய மனுவில் உன் பெயரைப் பார்த்தேன். வாடகைக்கு விட்டிருந்தாலும் அந்த வீட்டுக்குச் சொந்தக்காரி நீதான். கையெழுத்துப் போட உனக்கு உரிமை உண்டு. ஆனால் நியூ ஜெர்சியில் இருந்துகொண்டு, செயலாளர் அனுப்பிய நாலு வரியை மட்டும் படித்துவிட்டுப் போட்டிருக்கிறாய். மீதியை நான் சொல்கிறேன்.

கிளை நூலகத்தை ஒட்டி மாநகராட்சிக் கட்டடம் ஒன்று பூட்டியே கிடக்கிறதே, அதைத்தான் காப்பகமாக மாற்றப் போகிறார்கள். ஆண்களுக்கான காப்பகம். அதுதான் எல்லாருக்கும் உறுத்துகிறது. போன ஞாயிறு நடந்த கூட்டத்தில் பேசாத பேச்சில்லை. குடித்துவிட்டுக் கிடப்பார்கள், திருட்டு பெருகும், வீட்டு விலை இறங்கும். விலையைப் பற்றிப் பேசியவர்கள்தான் பெண் பிள்ளைகளின் பாதுகாப்பைப் பற்றியும் அதிகம் பேசினார்கள். அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி, குரூப் 4 தேர்வுக்குப் படிப்பவள், கடைசியில் எழுந்து, காப்பகம் வந்தாலும் வராவிட்டாலும் நூலகத்து வாசலில் தெருவிளக்கு எரிய வேண்டும், மாதக்கணக்கில் எரியவில்லை என்றாள். அன்றைய கூட்டத்திலேயே உருப்படியான பேச்சு அதுதான், யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

நூலகருக்கும் ஒரு மனத்தாங்கல் உண்டு. அதில் நியாயமும் இருக்கிறது. இருப்பது ஒரே கழிவறை. வீடில்லாதவர்கள் காலையில் அங்கேயே குளித்துத் துணி அலசுகிறார்கள், தரை நாள் முழுக்க ஈரமாக இருக்கிறது என்கிறார். புத்தகம் கொடுத்து வாங்குவது அவர் வேலை. காயத்துக்கு மருந்து போடுவதும், குடித்தவனைச் சமாதானப்படுத்துவதும் அவர் தலையில் விழக்கூடாது.

ஆனால் அவர் சொன்னதை நன்றாக யோசித்துப் பார். அவர்கள் இனிமேல்தான் வரப்போகிறவர்களா? வந்து எத்தனையோ வருஷமாயிற்று. விடிவதற்கு முன்பே சந்தையில் மூட்டை தூக்கிவிட்டுக் காலையில் நாளிதழ் மேஜைக்கு வருகிறார்கள். முகூர்த்த நாளென்றால் பந்தியில் பரிமாறப் போகிறார்கள். ராத்திரி நூலகத்துத் திண்ணையிலும் எதிர் நடைபாதையிலும் படுக்கிறார்கள். குளிக்க ஓர் இடமும் படுக்க ஒரு பாயும் பக்கத்துக் கட்டடத்தில் கிடைத்தால் நூலகத்தின் பாரம் குறையுமே தவிரக் கூடாது.

ஊருக்கு வெளியே கட்டட்டும் என்று ஒருவர் சொன்னதற்குக் கைதட்டல் பலமாக இருந்தது. அதிகாலையில் சந்தைக்கு வரவேண்டியவன் ஊருக்கு வெளியே போய் எப்படிப் படுப்பான்? லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், அதுவும் 24 மணி நேரமும் ஆண்டு முழுவதும் திறந்திருக்க வேண்டும் என்று 2010ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. பின்னால் வந்த மத்திய அரசுத் திட்டத்தின் வழிகாட்டு நெறிகளும், இவர்கள் கூடுகிற, வேலை பார்க்கிற இடங்களுக்கு அருகிலேயே காப்பகம் அமைய வேண்டும் என்கின்றன. தலைக்கு 50 சதுர அடி என்று இடத்துக்குக்கூட அளவு சொல்லியிருக்கிறார்கள்.

நான் பள்ளியில் வேலையில் இருந்தபோது வாக்குச்சாவடி நிலை அலுவலர் வேலையும் பார்த்தது உனக்கு நினைவிருக்கும். வீடில்லாதவர் வாக்காளர் பட்டியலில் சேர மனுக் கொடுத்தால் முகவரிச் சான்று தேவையில்லை. அலுவலரே இரவில் போய், அவர் சொன்ன இடத்தில்தான் படுக்கிறாரா என்று நேரில் பார்க்க வேண்டும். ஒரு தடவை பார்த்தால் போதாது. உன் அப்பா டார்ச் அடிக்க, இந்த நூலகத்துக்கு எதிர் நடைபாதைக்கே போயிருக்கிறேன். செருப்பைத் தலைக்கு வைத்து, துணிப்பையை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பியதும் முதலில் சட்டைப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டார். அப்புறம்தான் பெயரைச் சொன்னார். மறுபடி போனபோது எங்களுக்காக உட்கார்ந்தே காத்திருந்தார். அவர் ஓட்டுப் போட்டார். நம் கவுன்சிலர் அவருக்கும் கவுன்சிலர்தான். கூட்டத்தில் இதைச் சொன்னேன். கவுன்சிலர் சிரித்தார், செயலாளர் சிரிக்கவில்லை.

உன் மாநிலத்திலேயே இப்படி ஒரு வழக்கு நடந்திருக்கிறது, விசாரித்துப் பார். மாரிஸ்டவுன் நகர நூலகத்திலிருந்து வீடில்லாத ஒருவரை வெளியேற்றினார்கள். அவர் வழக்குப் போட்டார். கீழ் நீதிமன்றத்தில் ஜெயித்தார். 1992ஆம் ஆண்டில் மேல்முறையீட்டில் தோற்றார். வாசிக்கவும் தெரிந்துகொள்ளவும் எவருக்கும் உள்ள உரிமையை அந்த நீதிமன்றம் மறுக்கவில்லை. ஆனால் பிறருக்கு இடைஞ்சல் செய்யாமல் இருக்க நூலகம் விதி வைக்கலாம் என்றது. எனக்கும் அதில் உடன்பாடுதான். விதி வைப்பதானால் எல்லாருக்கும் வைக்கட்டும். வாசிப்பு அறையில் சத்தமாகப் போன் பேசுகிற நம் சங்கத்துப் பொருளாளருக்கும் சேர்த்துத்தான்! நம் ஊரில் உறுப்பினராகச் சேரத்தான் முகவரி கேட்கிறார்கள். உட்கார்ந்து படிக்க யாரையும் எதுவும் கேட்பதில்லை. அது அப்படியே இருக்கட்டும்.

நீ எதிர்ப்பதானால் கேட்க வேண்டியதைக் கேட்டு எதிர்ப்புச் சொல். காப்பகத்துக்கு வாசல் பின் தெருவில் இருக்க வேண்டும். தலைக்கணக்குக்கு ஏற்றபடி கழிவறையும் தண்ணீரும் வேண்டும். நடத்தப்போகும் தொண்டு நிறுவனத்தின் ஆள் இரவும் பகலும் அங்கே இருக்க வேண்டும். பகலில் அவர்களை வெளியே அனுப்பிக் கதவைப் பூட்டக்கூடாது. பூட்டினால் எல்லாரும் நூலகத்துக்குத்தான் வருவார்கள். அந்தப் பெண் கேட்ட விளக்கையும் சேர்த்துக்கொள். இதையெல்லாம் எழுதித் தனி மனுவாகத் தயார் செய்திருக்கிறேன். இதுவரை என் பெயரும் இரண்டாம் மாடித் தாத்தா பெயரும்தான் அதில் இருக்கின்றன.

செயலாளர் வெள்ளிக்கிழமை மண்டல அலுவலகத்தில் மனுக் கொடுக்கப் போகிறாராம். உன் பெயரை அதிலிருந்து எடுக்க வேண்டுமானால் அதற்கு முன் அவருக்கு எழுது. எடுக்க மனமில்லை என்றால் எனக்குக் காரணத்தை எழுது; படிக்கிறேன்.

குழந்தைக்கு இருமல் எப்படி இருக்கிறது? பருப்புப் பொடி அரைத்து வைத்திருக்கிறேன், யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறேன். உன் வீட்டில் குடியிருப்பவர் சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்கிறார்; பிளம்பரை வரச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா