கைக்கடிகாரத் திரையில் தமிழ்: கைட் நிறுவனத்தாருக்கு ஒரு திறந்த மடல்

கேரளப் பள்ளிகளின் கணினிக் கல்வியைக் கவனிக்கும் அரசு நிறுவனமான கைட்டின் மதிப்பிற்குரிய அலுவலர்களுக்கும், இடுக்கி மாவட்டத் தமிழ்வழிப் பள்ளிகளில் லிட்டில் கைட்ஸ் என்னும் மாணவர் கணினி மன்றங்களை நடத்திவரும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். இம்மடலைத் தமிழிலேயே எழுதுகிறேன். இம்மாநிலத்துத் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசோடு தம் மொழியில் கடிதம் எழுதிக்கொள்ள 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடம் தந்திருக்கிறது. நான் கேட்க வந்திருப்பதும் அந்த உரிமையின் தொடர்ச்சிதான். அது தாளில் வேண்டியதாக இல்லாமல், அகலத்திலும் உயரத்திலும் 176 புள்ளிகளே கொண்ட ஒரு கைக்கடிகாரத் திரையில் வேண்டியதாக இருக்கிறது.

பூப்பாறையில் கைப்பேசி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். என் அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறார். ஒவ்வொரு முறை எடை போடும்போதும் சொல்லப்படும் கிலோவை அவர் மனத்தில் வைத்துக்கொள்வார். மாதக் கடைசியில் சீட்டில் இருக்கும் கணக்கும் அவர் மனக்கணக்கும் பல மாதங்களில் ஒத்துப்போகாது. கைப்பேசியில் குறித்துக்கொள்ளலாமே என்று நீங்கள் கேட்கலாம். சாரல் மழையில், பிளாஸ்டிக் படுதாவை இடுப்பில் கட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் கொழுந்து கிள்ளுகிறவர் கைப்பேசியை எடுத்துத் துடைத்துத் திறந்து குறிப்பதற்குள் வரிசை நகர்ந்துவிடும். பெரும்பாலான பெண்கள் கைப்பேசியைத் தோட்டக் குடியிருப்பான லயத்திலேயே விட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போகிறார்கள். மணிக்கட்டில் கட்டிய ஒன்றுதான் அந்த இடத்தில் பயன்படும். அதனால்தான் நாமே நிரல் எழுதிப் போடக்கூடிய கடிகாரம் ஒன்றை வரவழைத்தேன்.

நான் வாங்கியது பேங்கிள்.ஜேஎஸ் 2 என்னும் வகை. பிரிட்டனைச் சேர்ந்த கோர்டன் வில்லியம்ஸ் உருவாக்கிய எஸ்ப்ரூயினோ என்ற திறந்த மூல மென்பொருள் அதில் ஓடுகிறது. ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் எழுதிய நிரலை, கணினியில் குரோம் உலாவியைத் திறந்து, புளூடூத் வழியாகவே கடிகாரத்துக்கு அனுப்பிவிடலாம். கம்பி வேண்டாம், கணினியில் பெரிய மென்பொருள் எதையும் நிறுவ வேண்டாம். 64 மெகாஹெர்ட்ஸ் செயலி, 256 கிலோபைட் நினைவகம், நிரல்களையும் தரவுகளையும் வைக்க 8 மெகாபைட் சேமிப்பு, ஜிபிஎஸ், காற்றழுத்தமானி, திசைகாட்டி, அசைவுணரி ஆகியவை உள்ளே இருக்கின்றன. திரை எப்போதும் ஒளிராமலே தெரிவது. வெயிலில் இன்னும் நன்றாகத் தெரியும். ஆப்பிள் கடிகாரத்துக்கு நிரல் எழுத வேண்டுமானால் முதலில் ஒரு மேக் கணினி வேண்டும். இதற்குப் பள்ளியில் இருக்கும் பழைய மடிக்கணினியே போதும். லினக்ஸில் மட்டும் குரோம் உலாவியின் சோதனை அமைப்புகளுக்குள் போய் வலைப்புளூடூத்தை ஒரு முறை இயக்கிவிட வேண்டியிருக்கும். ஃபயர்ஃபாக்ஸில் இது நடக்காது.

இனி, அந்தக் கிலோக் கணக்குச் செயலியை நான் எழுதிய கதை. ஒரு பிள்ளை இதிலிருந்து என்னென்ன கற்றுக்கொள்ளும் என்பதற்கு வேறு எடுத்துக்காட்டு என்னிடம் இல்லை. முதல் வடிவத்தில் திரையைத் தொட்டால் எண் கூடும்படி எழுதினேன். கடையில் அருமையாக வேலை செய்தது. மலையில் மழைத்துளி விழுந்ததும் கடிகாரமே தானாகக் கிலோவைக் கூட்டிக்கொண்டு போனது. ஒரே நாளில் அம்மா யாரும் எடுக்க முடியாத அளவு கொழுந்து எடுத்திருந்தார்! தொடுதிரைக்கு ஈரமும் விரலும் ஒன்றே என்பது கைப்பேசிக் கடைக்காரனுக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். இரண்டாம் வடிவத்தில் திரையை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருக்கும் ஒரே பொத்தானுக்கு மாறினேன். ஓர் அழுத்தத்துக்கு ஒரு கிலோ. இப்போது வேறொரு சிக்கல் வந்தது. அந்தப் பொத்தானைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால், எந்தச் செயலியில் இருந்தாலும் கடிகார முகப்புக்குத் திரும்பிவிடும். அது அதன் இயல்பான அமைப்பு. குளிரில் விறைத்த விரல் மெதுவாகத்தான் அழுத்தும். செயலி மூடிக்கொள்ள, நினைவகத்தில் மட்டும் இருந்த கணக்கு அழிந்துபோனது. ஒவ்வோர் அழுத்தத்துக்கும் எண்ணை உடனே சேமிப்பில் எழுதிவிட வேண்டும் என்பதை அன்றைக்குக் கற்றேன். நினைவகத்துக்கும் சேமிப்புக்கும் உள்ள வேறுபாட்டைப் பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகப் படிப்பதற்கும், அம்மாவின் ஒரு நாள் உழைப்புக் கணக்கைத் தொலைத்துவிட்டுப் படிப்பதற்கும் உள்ள தூரத்தை ஆசிரியர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மின்கலம் தந்த பாடமும் அப்படித்தான். எந்தப் பகுதியில் எவ்வளவு எடுத்தார் என்று காட்டலாமே என்ற ஆசையில் ஜிபிஎஸ்ஸை நாள் முழுதும் ஓடவிட்டேன். 200 மில்லியாம்பியர்-மணி மின்கலம் அதற்கு எம்மாத்திரம்! காலையில் கட்டிப் போன கடிகாரம் மாலையில் அணைந்து வந்தது. ஜிபிஎஸ்ஸை எடுத்துவிட்டு, நொடிக்கு ஒரு முறை திரையை வரைவதை நிமிடத்துக்கு ஒரு முறை என்று மாற்றியபின் வாரக்கணக்கில் நிற்கிறது.

இதுவரை சொன்னவற்றில் எனக்குக் குறையேதும் இல்லை. இவற்றையெல்லாம் ஒரு தனி ஆள் உட்கார்ந்து தீர்த்துக்கொள்ளலாம். தீராதது எழுத்துதான். செயலிக்கு ‘கொழுந்து’ என்று பெயர் வைக்க நினைத்தேன். திரையில் எழுத்துக்குப் பதில் பொருளற்ற குறிகள்தான் வந்தன. கடிகாரத்தோடு வரும் எழுத்துருக்களில் தமிழ் இல்லை என்பது காரணத்தில் பாதி. மறுபாதி நம் எழுத்தின் அமைப்பில் இருக்கிறது. ‘கொழுந்து’ நமக்கு மூன்றெழுத்தும் ஒரு புள்ளியெழுத்துமாக, நான்கு எழுத்து. ஒருங்குறி என்னும் யூனிகோட் முறையிலோ க, ஒகரக்குறி, ழ, உகரக்குறி, ந, புள்ளி, த, உகரக்குறி என்று எட்டுக் குறியீடுகள். அவற்றைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வீதம் 24 பைட். அதிலும் அந்த ஒகரக்குறி ககரத்துக்குப் பின்னால் சேமிக்கப்பட்டு, திரையில் வரும்போது இரண்டாகப் பிரிந்து, கொம்பு முன்னாலும் கால் பின்னாலுமாக நிற்க வேண்டும். கணினியிலும் கைப்பேசியிலும் இந்த வேலையைச் செய்ய எழுத்து வடிவமைப்பு நிரல் ஒன்று பின்னணியில் இருக்கிறது. கடிகாரத்தில் அது இல்லை. வருகிற குறியீடுகளை வந்த வரிசையில் பக்கம்பக்கமாக வரைவதோடு அதன் வேலை முடிந்தது.

கைப்பேசியிலிருந்து வரும் தமிழ்க் குறுஞ்செய்திகள் மட்டும் திரையில் சரியாக வருகின்றனவே என்று சிலர் கேட்டார்கள். கைப்பேசியில் இருக்கும் கேட்ஜெட்பிரிட்ஜ் செயலி, கடிகாரத்துக்குத் தெரியாத எழுத்துக்களைப் படமாக மாற்றி அனுப்பும் வசதியால் அது நடக்கிறது. கைப்பேசி பக்கத்தில் இருக்கும்வரை அது உதவும். அம்மாவின் கைப்பேசி லயத்தில் அல்லவா இருக்கிறது.

ஆகவே நான் வேறு வழியில் போனேன். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. ஒவ்வோர் எழுத்தையும் உடைக்காமல் ஒரு முழுப் படமாக வைத்துக்கொண்டால், முன்பின் நகர்த்தும் வேலையே இல்லை. ஒரு படம் 24-க்கு 24 புள்ளி, கறுப்பு வெள்ளை என்று கொண்டால் 72 பைட். 247 படங்களுக்கு 17,784 பைட். 8 மெகாபைட் சேமிப்பில் இது பொருட்டே இல்லை. ஒரு பைட்டில் 256 எண்கள் அடங்கும் என்பதால், 247 எழுத்துக்களுக்கும் ஆளுக்கொரு எண் கொடுத்துவிடலாம். 24 பைட்டாக இருந்த ‘கொழுந்து’ நான்கே பைட்டில் முடிந்தது. ஆனால் 0 முதல் 9 வரை எண்களைச் சேர்க்கப் போனபோது 257 ஆகிவிட்டது! ஒரே ஓர் எண் இடிக்கிறது. ஜ, ஸ, ஷ, ஹ வரிசைகளுக்கும் இடமில்லை. ஙகர வரிசையில் ங, ங் இரண்டையும் வைத்துக்கொண்டு மற்ற பதினொன்றையும் விலக்கினேன். இலக்கண ஆசிரியர்கள் மன்னிக்க வேண்டும். எங்கள் தோட்டத்தில் யாரும் ‘ஙீ’ எழுதுவதில்லை. ஒவ்வோர் எழுத்துக்கும் தனிக் குறியீடு என்பது நான் கண்டுபிடித்த புதுமையும் இல்லை. 2010-இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியோடு சேர்த்து ஏற்றுக்கொண்ட டேஸ்-16 குறியீட்டு முறையின் அடிப்படையே அதுதான். பெரிய கணினிகளில் ஒருங்குறி வென்றுவிட்டது, அதுவே சரியும்கூட. ஆனால் வடிவமைப்பு நிரலைத் தூக்கிச் சுமக்க முடியாத சின்னக் கருவிக்கு அந்தப் பழைய யோசனை அளந்து தைத்த சட்டை போலப் பொருந்துகிறது.

படங்களை வரைவதுதான் ஆமை வேகம். இதுவரை கடை மூடிய பிறகு இரவில் உட்கார்ந்து நூற்றுச் சொச்சம் எழுத்துக்களை முடித்திருக்கிறேன். ‘ண’கரமும் ‘ஐ’காரமும் அகலம் மிகுந்தவை; ‘ர’ ஒல்லியானது. ஒரே அகலம் கொடுத்தால் சொல் பல்லிடுக்கு விட்டது போல இருக்கும் என்பதால், ஒவ்வோர் எழுத்துக்கும் தனி அகலம் குறிக்க வேண்டியிருக்கிறது. எஸ்ப்ரூயினோவில் அதற்கு இடம் இருக்கிறது. 24 புள்ளிக்குள் ‘ணூ’ என்று ஒன்று எழுதிப் பாருங்கள். எந்தச் சுழியை விட்டால் கண் மன்னிக்கும், எதை விட்டால் வேறெழுத்தாகிவிடும் என்று தெரிய ஒரு மாலைப்பொழுது போய்விடும்.

என் வேண்டுகோளை இங்கே வைக்கிறேன். லிட்டில் கைட்ஸ் மன்றத்தில் எட்டாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை பிள்ளைகள் இருக்கிறார்கள். அர்டுயினோ ரோபாட்டிக்ஸ் பெட்டிகளைப் பள்ளிகளுக்குக் கொடுத்ததும் நீங்கள்தான். கட்டற்ற மென்பொருளைப் பள்ளிக்கூடங்களில் நிலைநிறுத்தியதும் நீங்கள்தான். அந்தப் பெட்டிகளோடு, தேவிகுளம், உடும்பன்சோலை, பீருமேடு வட்டங்களின் தமிழ்வழிப் பள்ளிகளுக்கு நிரல் எழுதக்கூடிய கடிகாரங்கள் ஐந்தைந்தாகக் கொடுங்கள். எல்லாப் பிள்ளைக்கும் ஒன்று வேண்டியதில்லை. உலாவிக்குள்ளேயே மாதிரிக் கடிகாரம் இருப்பதால், எழுதிப் பார்ப்பது அதில் நடக்கட்டும், ஓட்டிப் பார்ப்பதற்கு மட்டும் உண்மைக் கடிகாரம் போதும். பைன்டைம் என்ற கடிகாரம் இதைவிட விலை குறைவு. ஆனால் அதற்கு சி++ மொழியில் எழுத வேண்டும், நினைவகமும் 64 கிலோபைட்தான். பத்தாம் வகுப்புக்கு அது கொஞ்சம் அதிகம் என்பது என் கருத்து. எழுத்துப்பட வேலையைப் பள்ளிகளுக்குப் பகிர்ந்து கொடுங்கள். ஒரு பள்ளிக்கு இரண்டு மெய்யெழுத்தின் வரிசை என்றால், ஒன்பது பள்ளிகளில் 18 வரிசையும் முடிந்துவிடும். முடிந்ததைத் திறந்த உரிமத்தில் வெளியிட்டால் சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் சிங்கப்பூரிலும் எடுத்துக்கொள்வார்கள்.

வாங்கும்போது ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்: மென்பொருள் திறந்ததாக இருக்க வேண்டும். பெபிள் என்ற கடிகாரத்தின் வரலாறு உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2012-இல் மக்களிடம் ஒரு கோடி டாலருக்கு மேல் நிதி திரட்டித் தொடங்கிய நிறுவனம் 2016 டிசம்பரில் மூடப்பட்டது. 2018 ஜூனில் அதன் சேவைகளும் நின்றன. ரீபிள் என்ற பயனர் குழு சேவைகளைத் தாங்களே மீட்டுக் கட்டியதால்தான் அந்தக் கடிகாரங்கள் பிழைத்தன. அதன் மூல நிரலை, பின்னாளில் அதற்கு உரிமையாளரான கூகுள் 2025 ஜனவரியில்தான் திறந்துவிட்டது. அவ்வளவு ஆண்டுகள் ஒரு பள்ளிக்கூடத்து அலமாரி காத்திருக்காது.

இன்னொன்றும் உண்டு. இந்தக் கடிகாரத்தில் நாடித்துடிப்பு உணரியும் இருக்கிறது. பிள்ளைகளின் துடிப்பைப் பதிந்து சேர்க்கும் பயிற்சி எதுவும் பாடத்தில் வேண்டாம். அது அவரவர் உடம்பின் கணக்கு. மேற்பார்வையாளர் கையில் இப்படி ஒரு கருவி சேர்ந்தால் யார் எவ்வளவு நேரம் நின்றார் என்று அளப்பதற்கும் அது போதும் என்பது தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அளக்க வேண்டியவை வேறு எவ்வளவோ இருக்கின்றன. போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஒவ்வொன்றிலும் காற்றழுத்தத்தைக் குறித்து வரச் சொல்லுங்கள். 100 மீட்டர் ஏற்றத்துக்கு ஏறத்தாழ 10, 11 ஹெக்டோபாஸ்கல் குறைவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே வருவார்கள். மேலே வந்து சேரும்போது நூற்றுக்கும் மேல் குறைந்திருக்கும். காது அடைப்பதற்குக் காரணம் அப்போது தானாகவே விளங்கும்.

நான் முடித்த எழுத்துப்படங்களையும், அவற்றை அடுக்கிய எண் அட்டவணையையும், கிலோக் கணக்குச் செயலியின் மூல நிரலையும் எந்தப் பள்ளி கேட்டாலும் கொடுக்கிறேன். க முதல் ந வரையிலான வரிசைகள் தயார். ப முதல் ன வரை இன்னும் தொடங்கவில்லை. வாரத்தில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடைக்கு விடுமுறை. மன்றத்தின் முகாம் ஏதேனும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் சூரியநெல்லியிலோ மூணாறிலோ நடக்குமானால், கடிகாரத்தையும் எடுத்துக்கொண்டு முதல் பேருந்திலேயே வந்துவிடுகிறேன். அம்மாவிடம் கேட்டு ஒரு நாளைக்கு இரவல் வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

இப்படிக்கு,
பூப்பாறையிலிருந்து ஒரு கைப்பேசிக் கடைக்காரன்