ஹாஷிமா தீவுக்குப் போகும் மகனுக்கு

அன்புள்ள கதிர்,

அம்மா எழுதுகிறேன். நாகசாகியிலிருந்து படகு பிடித்து, ஆளில்லாமல் கிடக்கும் பழைய நிலக்கரிச் சுரங்கத் தீவான ஹாஷிமாவைப் பார்க்கப் போவதாகச் சொன்னாய் அல்லவா, அன்றிலிருந்து அதைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். நெய்வேலி குவார்ட்டர்ஸில் குடித்தனம் நடத்தியவளுக்கு, சுரங்க ஊர் எந்த நாட்டில் இருந்தாலும் மனது அங்கே போய்விடுகிறது. போனில் இவ்வளவும் சொல்ல முடியாது.

மொத்தத் தீவே பதினைந்தரை ஏக்கர்தான் இருக்கும். கடலுக்கு அடியில் கிடந்த கரிக்காக 1890-இல் மிட்சுபிஷி கம்பெனி அதை வாங்கியது. சுரங்கத்துக் கழிவுக் கல்லைக் கடலில் கொட்டி இடத்தைப் பெருக்கி, சுற்றிலும் மதில் எழுப்பினார்கள். 1916-இல் அங்கே எழும்பிய கான்கிரீட் அடுக்குமாடிதான் ஜப்பானிலேயே அந்த வகையில் முதலாவது பெரிய கட்டடம். 1959-இல் அந்தத் துளி இடத்தில் 5,259 பேர் குடியிருந்தார்கள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சினிமா கொட்டகை, கோயில் எல்லாம் இருந்தன. சுடுகாட்டுக்கு மட்டும் இடமில்லை; இறந்தவர்களைப் பக்கத்துத் தீவுக்குப் படகில் கொண்டுபோய் எரித்தார்களாம்.

அங்கே இருந்த பெண்களைத்தான் நான் அதிகம் நினைத்துக்கொள்கிறேன். 1957-இல் கடலடியில் குழாய் போடும்வரை குடிதண்ணீர் படகில்தான் வந்தது. புயல் அடித்தால் படகு வராது. ஒரு குடம் தண்ணீரை எத்தனை பங்காகப் பிரித்திருப்பார்கள்! சுரங்கத்திலிருந்து ஏறி வரும் ஆண்கள், கரி அப்பிய உடையோடேயே முதலில் ஒரு கடல்நீர்த் தொட்டியில் இறங்குவார்கள். அடுத்ததும் கடல்நீர்த் தொட்டிதான். கடைசியில் கழுவிக்கொள்ள மட்டும் நல்ல தண்ணீர். பின்னாளில் வெளியிலிருந்து மண் கொண்டுவந்து மொட்டை மாடியில் கொட்டி, காய்கறியும் பூச்செடியும் போட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் செடி முளைப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று யாரோ நினைத்திருக்கிறார்களே, அது எனக்கு ரொம்பப் பிடித்தது.

உங்கள் அப்பா வேலை பார்த்தது வானம் தெரியும் திறந்தவெளிச் சுரங்கம். இது அப்படியில்லை. கூண்டில் ஏறினால் செங்குத்தாக 600 மீட்டர் கீழே போக வேண்டும். அங்கிருந்து சரிவில் இன்னும் இறங்கி, கடல்மட்டத்துக்குக் கீழே 1,000 மீட்டர் ஆழம்வரை வெட்டியிருக்கிறார்கள். 30 டிகிரி வெக்கை, 95 சதவீத ஈரப்பதம், எந்நேரமும் வாயு கசியும் பயம்.

அந்தக் குழிக்குள் விரும்பி இறங்காதவர்களும் இருந்தார்கள், கதிர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கொரியர்களையும் சீனர்களையும் கட்டாயப்படுத்திக் கொண்டுவந்து வேலை வாங்கினார்கள். பதினான்கு வயதில் பிடித்துவரப்பட்ட ஒரு கொரியப் பையன், அந்த மதில் மேல் நின்று கடலில் குதித்துவிடலாமா என்று நினைத்ததைப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். பதினான்கு வயதில் நீ ஒன்பதாம் வகுப்பு. அதற்கு மேல் அன்றைக்கு என்னால் படிக்க முடியவில்லை.

2015-இல் யுனெஸ்கோ இந்தத் தீவையும் உலக பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தபோது, விருப்பத்துக்கு மாறாகக் கொண்டுவரப்பட்டவர்களின் கதையையும் சொல்லுவோம் என்று ஜப்பான் ஒப்புக்கொண்டது. 2020-இல் டோக்கியோவில் ஒரு தகவல் மையமும் திறந்தார்கள். ஆனால் அங்கே அது சரியாகச் சொல்லப்படவில்லை என்று 2021-இல் யுனெஸ்கோ குழுவே வருத்தம் தெரிவித்தது. முதல் கான்கிரீட் கட்டடம் என்று பெருமைப்படட்டும், தப்பே இல்லை. அந்தப் பையனையும் சேர்த்துச் சொன்னால்தான் அது முழு வரலாறு.

எண்ணெய் வந்ததும் கரிக்கு மதிப்புப் போய்விட்டது. 1974 ஜனவரியில் சுரங்கத்தை மூடினார்கள். ஏப்ரல் 20-ஆம் தேதி கடைசிக் குடும்பங்களும் கிளம்பிவிட்டன. டிவிப் பெட்டியைக்கூட விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். வேலை போனால் வீடும் போய்விடும் என்ற பயம் கம்பெனி குவார்ட்டர்ஸில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அலை கொஞ்சம் பெரிதாக இருந்தாலே கரையில் இறக்க மாட்டார்களாம். இறக்கினாலும் தெற்குப் பக்கம் போட்டிருக்கும் பாதையில்தான் நடக்க விடுவார்கள். வழிகாட்டி கட்டடங்களைக் காட்டி முடித்ததும், கொரியர்கள் எங்கே தங்கியிருந்தார்கள் என்று மரியாதையாகக் கேள். உனக்குத்தான் ஜப்பானிய மொழி நன்றாக வருகிறதே. அவர் என்ன சொன்னாலும், ஒன்றுமே சொல்லாவிட்டாலும், அதை அப்படியே எனக்கு எழுது. படகில் ஏறுமுன் வாந்தி மாத்திரை போட்டுக்கொள்.

அன்புடன்,
அம்மா